இரண்டு ரவுட்டர் இருந்தும் இணைப்பு விழுகிறதா? அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழி

இரண்டு ரவுட்டர்களை வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்நிகர் ஐபியைக் கொடுத்து, ஒன்று விழுந்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருப்போம். ஒரு நாள் ஒன்று விழும். இன்னொன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்த இடமாற்றத்தை நடத்தும் நெறிமுறை விஆர்ஆர்பி (VRRP), ஹெச்எஸ்ஆர்பி (HSRP), கார்ப் (CARP) எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். மாஸ்டராக இருக்கும் ரவுட்டர் "நான் இருக்கிறேன்" என்று லான் (உள் வலையமைப்பு) பக்கம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். குரல் நின்றால் பேக்கப் அந்த இடத்துக்கு வரும். இந்த நெறிமுறைகளுக்குத் தெரிந்தது அந்தக் குரல் மட்டும்தான். வெளியே போகும் லைன் உயிரோடு இருக்கிறதா, ஸ்விட்ச் எந்தப் போர்ட்டுக்குப் பாக்கெட்டை அனுப்புகிறது, கணினியின் ஆர்ப் அட்டவணையில் (எந்த ஐபிக்கு எந்த மேக், அதாவது எந்த வன்பொருள் முகவரி என்ற பட்டியல்) யாருடைய மேக் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் எந்த அறிகுறியோடு வந்தாலும் நான் மூன்று கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்பேன். தன்னை மாஸ்டர் என்று நினைப்பது யார்? சுற்றியிருப்பவை யாரை மாஸ்டர் என்று நினைக்கின்றன? மாஸ்டரால் உண்மையிலேயே பாக்கெட்டைப் போகவர விட முடிகிறதா?

பேச்சு வசதிக்கு ஒரு அமைப்பை வைத்துக்கொள்வோம். விலான் (ஸ்விட்ச்சுகளில் பிரித்துவைத்த தனி வலையமைப்பு) எண் 20. மெய்நிகர் ஐபி 10.20.0.1. முதல் ரவுட்டர் 10.20.0.2, இரண்டாவது 10.20.0.3. இந்த ஜோடியை அடையாளம் காட்டும் குழு எண்ணும் 20.

கை வைக்கும் முன்

லானில் உள்ள ஏதாவது ஒரு கணினியில் நான்கு ஜன்னல்களைத் திறந்து நான்கு பிங்குகளை ஓடவிடுங்கள்: மெய்நிகர் ஐபிக்கு ஒன்று, இரண்டு ரவுட்டர்களின் சொந்த ஐபிகளுக்கு ஒவ்வொன்று, வெளியே உள்ள ஒரு முகவரிக்கு ஒன்று. எது நிற்கிறது, எது ஓடுகிறது என்பதே பாதிப் பதில். சொந்த ஐபிகள் பதில் தந்து மெய்நிகர் ஐபியும் வெளி முகவரியும் ஊமையானால் பிரச்சினை லானுக்குள்தான். மூன்றும் பதில் தந்து வெளி முகவரி மட்டும் நின்றால் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கணினியில் ஆர்ப் அட்டவணையைப் பார்த்து, 10.20.0.1-க்கு எந்த மேக் பதிவாகியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். விஆர்ஆர்பியின் மெய்நிகர் மேக் 00-00-5ஈ-00-01 என்று தொடங்கும். கடைசி இரண்டு இலக்கம் குழு எண், ஹெக்ஸில். நம் குழு 20 என்பதால் கடைசியில் 14 என்று இருக்க வேண்டும். அங்கே 20 என்று இருந்தால் அது உங்கள் குழு இல்லை, 32-ஆம் எண் குழு. ஹெச்எஸ்ஆர்பியின் முதல் பதிப்பானால் தொடக்கம் 00-00-0சி-07-ஏசி. இரண்டுமே இல்லாமல் ஒரு சாதாரண கார்டின் மேக் தெரிந்தால், லினக்ஸில் விஆர்ஆர்பியை நடத்தும் கீப்அலைவ்டி (keepalived) ஓடுகிறது என்று ஊகிக்கலாம். தனியாகச் சொன்னால் ஒழிய அது மெய்நிகர் மேக்கைப் பயன்படுத்தாது. இது முக்கியம், பின்னால் தேவைப்படும்.

இரண்டு ரவுட்டர்களின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நேரம் ஒத்துப்போகாத இரண்டு லாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வீணாக்கிய இரவுகள் உண்டு.

அறிகுறி: இரண்டும் தன்னையே மாஸ்டர் என்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். ஆட்கள் முதலில் செய்வது மாஸ்டரில் போய் நோண்டுவது. அங்கே ஒன்றும் இருக்காது. காரணம் எளிது: யார் மாஸ்டர் என்பதைத் தீர்மானிக்கும் முன்னுரிமை எண் அதிகமுள்ள ரவுட்டர், குறைந்த எண்ணோடு வரும் குரலைக் கேட்டாலும் பொருட்படுத்தாது, கேட்காவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. எப்படியும் அதுதான் மாஸ்டர். அடங்கிப்போக வேண்டியது எண் குறைந்த ரவுட்டர். அது அடங்கவில்லை என்றால் அதன் காதில்தான் அடைப்பு. ஆகவே முதலில் இரண்டாவது ரவுட்டரில் உட்காருங்கள்.

அங்கே வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) போட்டு, நெறிமுறை எண் 112 என்று வடிகட்டிப் பாருங்கள். விஆர்ஆர்பி 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கு ஒரே நேரத்தில் போகும்) முகவரிக்கு, இயல்பாக நொடிக்கு ஒன்று அனுப்பும். ஹெச்எஸ்ஆர்பி என்றால் யுடிபி போர்ட் 1985. முதல் பதிப்பு 224.0.0.2-க்கும் இரண்டாம் பதிப்பு 224.0.0.102-க்கும் அனுப்பும்.

பாக்கெட் வருவது டிசிபிடம்பில் தெரிகிறது, ஆனாலும் ரவுட்டர் மாஸ்டராகவே இருக்கிறது என்றால் சந்தேகம் நேராக அந்தக் கணினியின் ஃபயர்வாலுக்குப் போக வேண்டும். ஃபயர்வால் விதிகள் பாக்கெட்டைக் கீழே போடும் இடத்துக்கு முன்னாலேயே டிசிபிடம்ப் அதைப் பார்த்துவிடும். அதனால் "பாக்கெட் வருகிறதே" என்பது மென்பொருளுக்குக் கிடைத்துவிட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது. இங்கே திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு தவறு, 112 என்ற எண்ணைப் பார்த்ததும் டிசிபி போர்ட் 112-ஐத் திறந்துவிடுவது. 112 போர்ட் எண் அல்ல. டிசிபிக்கு 6, யுடிபிக்கு 17 என்பது போல விஆர்ஆர்பிக்கு 112. நெறிமுறையாகத்தான் அனுமதிக்க வேண்டும்.

ஃபயர்வாலில் தவறு இல்லையென்றால் பாக்கெட்டின் உள்ளே பாருங்கள். குழு எண் இரண்டிலும் ஒன்றா? பதிப்பு ஒன்றா? இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் தாமாக ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். ஹெச்எஸ்ஆர்பியிலும் முதல் பதிப்புக்கு இரண்டாம் பதிப்பின் பேச்சு புரியாது. அறிவிப்பு இடைவெளியில் ஒரு சூட்சுமம் உண்டு. விஆர்ஆர்பி இரண்டாம் பதிப்பில் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. மூன்றாம் பதிப்பில் பேக்கப், மாஸ்டர் சொல்லும் இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல்லும் இரண்டாம் பதிப்பு வரைதான் ஓடும். மூன்றாம் பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

பாக்கெட்டே வரவில்லை என்றால் வழியில் இருக்கும் ஸ்விட்ச்சுக்குப் போங்கள். பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் விலான் 20-ஐ அனுமதிக்க மறந்திருப்பார்கள். மல்டிகாஸ்டைக் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் விடும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் அதை விழுங்கியிருக்கலாம், 224.0.0.18 போன்ற உள்ளூர் மல்டிகாஸ்டை எல்லாப் போர்ட்டுக்கும் விட வேண்டும் என்பதுதான் வழக்கம், ஆனால் எல்லா ஸ்விட்ச்சும் சொன்னபடி கேட்பதில்லை. ஸ்னூப்பிங்கை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபைபர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதும் உண்டு: போர்ட் விளக்கு எரியும், அனுப்பும், வாங்காது.

மெய்நிகர் கணினிகளில் ரவுட்டரை ஓட்டுகிறீர்களா? அப்படியானால் அவற்றை ஓட்டும் ஹைப்பர்வைசரின் மெய்நிகர் ஸ்விட்ச்சில், ஒரு கணினி தனக்கு ஒதுக்கப்படாத மேக்கிலிருந்து அனுப்பலாமா என்று ஒரு பூட்டு இருக்கும். மெய்நிகர் மேக் என்பதே ஒதுக்கப்படாத மேக்தான். பூட்டியிருந்தால் மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. மேகத் (கிளவுட்) தளங்களில் பெரும்பாலும் மல்டிகாஸ்டே கிடையாது. அங்கே இரண்டு பக்கமும் ஒன்றின் ஐபியை இன்னொன்றிடம் நேரடியாகக் கொடுத்து யுனிகாஸ்டில் பேசவிட வேண்டும்.

அறிகுறி: வெளி லைன் செத்துவிட்டது, மாற்றம் நடக்கவில்லை

இங்கே ரவுட்டரின் மேல் குற்றமே இல்லை. லான் பக்கம் குரல் சரியாகக் கேட்கிறது. பேக்கப் ஏன் எழ வேண்டும்? வெளி லைனைப் பார்க்கச் சொல்லி நாம்தான் தனியாகக் கண்காணிப்பு வைக்க வேண்டும். வைத்தும் நடக்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கணக்கு.

முதல் ரவுட்டருக்கு 110, இரண்டாவதற்கு 100 என்று வைத்திருப்பார்கள். லைன் விழுந்தால் எண் குறைய வேண்டும் என்று கண்காணிப்பும் போட்டிருப்பார்கள். எவ்வளவு குறைய வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சிஸ்கோ கருவிகளில் இயல்பாகக் குறைவது 10. இப்போது 110 போய் 100 ஆகிறது. அந்தப் பக்கமும் 100. விஆர்ஆர்பியில் பேக்கப், தன் எண்ணுக்குச் சமமான குரலைக் கேட்டாலும் பேசாமல்தான் இருக்கும். ஐபி பெரியதா சின்னதா என்ற ஒப்பீடு, இரண்டும் ஒரே நேரத்தில் மாஸ்டராக நிற்கும்போதுதான் வரும். ஆக எல்லாம் கான்ஃபிக்கில் இருக்கிறது, எதுவும் நடக்காது. 20 குறையச் சொல்லுங்கள். 90-க்கும் 100-க்கும் நடுவில் குழப்பம் இல்லை.

கணக்கு சரி என்றால் ப்ரீஎம்ப்ட், அதாவது இடத்தைப் பிடுங்கும் அனுமதியைப் பாருங்கள். எண் குறைந்த மாஸ்டர் உயிரோடுதான் இருக்கிறது, தானாக இறங்காது; இரண்டாவது வந்து இடத்தைப் பிடுங்க வேண்டும். பிடுங்க அனுமதி இரண்டாவது ரவுட்டரில் இருக்க வேண்டும். விஆர்ஆர்பியில் அது இயல்பாகவே இருக்கும். ஹெச்எஸ்ஆர்பியில் நாம் சொன்னால்தான் இருக்கும். பலர் முதல் ரவுட்டரில் மட்டும் ப்ரீஎம்ப்ட் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்து, எதைக் கண்காணிக்கிறீர்கள்? இன்டர்ஃபேஸை மட்டும் பார்த்தால், ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கும் அரை மீட்டர் கேபிளைத்தான் பார்க்கிறீர்கள். மோடத்துக்கு அப்பால் என்ன ஆனாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளியே ஒரு முகவரியை பிங் செய்து பார்க்கும் கண்காணிப்புதான் உண்மையைச் சொல்லும். அதிலும் இரண்டு குழிகள் உண்டு.

முதலாவது: முதல் ரவுட்டரின் லைன் விழுகிறது. டைனமிக் ரவுட்டிங் (ரவுட்டர்கள் பாதைகளைத் தாமே பரிமாறிக்கொள்வது) இருப்பதால், வெளியே போக இரண்டாவது ரவுட்டர் வழியாக ஒரு பாதையைக் கற்றுக்கொள்கிறது. கண்காணிப்பு பிங் அந்தப் பாதையில் போய்ப் பதிலோடு திரும்புகிறது. "லைன் சரியாகிவிட்டது" என்று எண்ணை ஏற்றிக்கொண்டு மாஸ்டராகிறது. உங்கள் ரவுட்டிங் அமைப்பைப் பொறுத்து இது ஒரு சுற்று நடக்கலாம், விடிய விடியவும் நடக்கலாம். பிங் எந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போக வேண்டும் என்று கட்டிப்போடுங்கள். அந்த முகவரிக்கு அந்த லைன் வழியாக மட்டும் ஒரு நிலையான பாதை போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது: இரண்டு ரவுட்டர்களும் வெளியே ஒரே முகவரியைப் பார்க்கின்றன, அந்த முகவரி ஒரு நாள் படுத்துவிடுகிறது. எண் குறைக்கும் முறை என்றால் இரண்டிலும் சமமாகக் குறைந்து, பழையபடியே ஓடும். ஆனால் கீப்அலைவ்டியில் கண்காணிப்பு ஸ்கிரிப்டுக்கு வெயிட் (எண் எவ்வளவு மாற வேண்டும் என்பது) எதுவும் கொடுக்காமல் விட்டால், ஸ்கிரிப்ட் தோற்றதும் ரவுட்டர் ஃபால்ட் நிலைக்குப் போய் மெய்நிகர் ஐபியைக் கீழே வைத்துவிடும். இரண்டும் கீழே வைத்தால் 10.20.0.1 யாரிடமும் இல்லை. வெளியே யாரோ ஒருவரின் சர்வர் நின்றதற்கு, உங்கள் உள் விலான்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போகும். வெயிட்டுக்கு மைனஸ் எண் கொடுங்கள், பார்க்கும் முகவரிகளும் ஒன்றுக்கு மேல் இருக்கட்டும்.

அறிகுறி: நிலை மாறிவிட்டது, கணினிகள் நிமிடக்கணக்கில் தொங்குகின்றன

இரண்டாவது ரவுட்டர் மாஸ்டர், லாக்கிலும் இருக்கிறது, வெளி லைனும் ஓடுகிறது. ஆனால் லானில் ஒன்றும் அசையவில்லை. இப்போது இரண்டாவது கேள்வி: சுற்றியிருப்பவை யாரை நம்புகின்றன?

மெய்நிகர் மேக் இருக்கும் அமைப்பில் கணினிகளின் ஆர்ப் மாற வேண்டிய தேவையே இல்லை. மேக் அதேதான், இடம்தான் மாறியது. ஸ்விட்ச் மட்டும் "இந்த மேக் இப்போது வேறு போர்ட்டில்" என்று கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்விட்ச்சின் மேக் அட்டவணையில் அந்த முகவரியைத் தேடுங்கள். இன்னும் பழைய போர்ட்டையே காட்டினால், போர்ட் செக்யூரிட்டி அந்த மேக்கைப் பழைய இடத்தில் ஆணியடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மெய்நிகர் மேக் இல்லாத அமைப்பில் எல்லாம் ஆர்ப்பை நம்பித்தான். புது மாஸ்டர், யாரும் கேட்காமலேயே "10.20.0.1 இப்போது என் மேக்கில்" என்று ஆர்ப் அனுப்பும். அதைக் கிராட்டூட்டஸ் ஆர்ப் என்பார்கள். கீப்அலைவ்டி மாறியவுடன் சில தடவையும், இயல்பாக 5 நொடி கழித்து மறுபடியும் அனுப்பும். ஸ்விட்ச்சில் ஆர்ப் சோதனை வசதி இயங்கினால், போலி ஆர்ப்பைப் பிடிக்க வைத்த அந்தக் காவல்காரன் இந்த நிஜ ஆர்ப்பையும் பிடித்துக் கீழே போட்டுவிடுவான். மெய்நிகர் ஐபிக்கு அங்கே ஒரு விதிவிலக்கு எழுத வேண்டும்.

உறுதி செய்ய ஒரே நிமிடம் போதும். தொங்கும் கணினிகளில் ஒன்றில் மட்டும் கேட்வேயின் (10.20.0.1) ஆர்ப் பதிவை அழியுங்கள். அந்தக் கணினி உடனே எழுந்து, மற்றவை தொங்கிக்கொண்டே இருந்தால் நோய் இதுதான்.

வெளிப் பக்கத்தையும் மறக்காதீர்கள். வெளியிலும் ஒரு மெய்நிகர் ஐபி வைத்திருந்தால், சேவை தருபவரின் ரவுட்டரும் ஒரு ஆர்ப் அட்டவணை வைத்திருக்கும். சிஸ்கோ ரவுட்டர்களில் ஆர்ப் பதிவு இயல்பாக 4 மணி நேரம் இருக்கும். உங்கள் கிராட்டூட்டஸ் ஆர்ப்பை அது கண்டுகொள்ளாவிட்டால், போகும் பாக்கெட் போகும், பதில் மட்டும் செத்த ரவுட்டரின் வாசலில் போய் நிற்கும். மேகத் தளங்களில் கிராட்டூட்டஸ் ஆர்ப்புக்குப் பொதுவாக மதிப்பே இல்லை. மாஸ்டர் ஆனதும் அந்தத் தளத்தின் ஏபிஐயை அழைத்து முகவரியையோ பாதையையோ மாற்றும் ஸ்கிரிப்டை நாமே எழுதி வைக்க வேண்டும்.

அறிகுறி: சில கணினிகள் மட்டும் விழுகின்றன

அந்தக் கணினியில் டிஃபால்ட் கேட்வே என்னவென்று பாருங்கள். 10.20.0.1 இருக்க வேண்டிய இடத்தில் 10.20.0.2 இருக்கும். கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியில் யாரோ பழைய ரவுட்டர் ஐபியை மாற்றாமல் விட்டிருப்பார்கள், அல்லது பிரின்டர் போன்ற ஏதோ ஒன்றில் கையால் எழுதி வைத்திருப்பார்கள். முதல் ரவுட்டர் ஓடும்வரை இது வெளியே தெரியாது, அதுதான் தொல்லை. பத்துப் புகாரில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஐபிவி6-இல் அறிகுறி இன்னும் குழப்பமாக இருக்கும்: சில தளங்கள் திறக்கும், சில தாமதித்துத் திறக்கும். இரண்டு ரவுட்டர்களும் தம் சொந்த முகவரியிலிருந்து ரவுட்டர் அறிவிப்பை அனுப்பிக்கொண்டிருந்தால், கணினிகள் இரண்டையும் கேட்வேயாக எடுத்துக்கொள்ளும்; மெய்நிகர் முகவரி ஒரு ஓரத்தில் சும்மா கிடக்கும். அறிவிப்பு மெய்நிகர் லிங்க்-லோக்கல் முகவரியிலிருந்து மட்டும் போகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: போகும்போது சரி, திரும்பி வரும்போது விழுகிறது

எனக்கு இது நன்றாகவே நினைவிருக்கிறது. ஒரு இரவு, பராமரிப்புக்காக முதல் ரவுட்டரை அணைத்தேன். நான்கு பிங் போனது, இரண்டாவது எடுத்துக்கொண்டது. மகிழ்ச்சியாக முதலாவதை மறுபடி ஏற்றினேன். அது ஏறி, "நான் வந்துவிட்டேன்" என்று இடத்தைப் பிடித்தது. அடுத்து முக்கால் நிமிடத்துக்கு ஒரு பிங்கும் இல்லை. விழுந்தபோது நான்கு நொடி, நலமாகி வந்தபோது முக்கால் நிமிடம்.

காரணம் வரிசை. விஆர்ஆர்பி சில நொடிகளில் தயாராகிவிடும். ரவுட்டிங் அப்படி இல்லை. ரவுட்டிங் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் அண்டை ரவுட்டரைப் பார்த்து, தகவலைப் பரிமாறி, பாதைகளைக் கணக்கிட வேண்டும். பிஜிபி என்றால் இன்னும் நேரம் ஆகும். அதுவரை மாஸ்டரிடம் வெளியே போக வழியே இல்லை. லான் மொத்தமும் பாக்கெட்டை அதனிடம் கொட்டும், அது கீழே போடும். ப்ரீஎம்ப்டுக்குத் தாமதம் கொடுங்கள். எவ்வளவு என்பதைப் புத்தகம் சொல்லாது. உங்கள் ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, எல்லாப் பாதைகளும் வந்து சேர ஆகும் நேரத்தை அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் வையுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு ரவுட்டர்களும் சம பலம் என்றால் ப்ரீஎம்ப்டே வேண்டாம். இரண்டாவது நன்றாகத்தான் ஓடுகிறது. முதலாவதுக்கு அப்படி என்ன அவசரம்? ஆனால் அணைத்துவிட்டால் முன்னே சொன்ன லைன் கண்காணிப்பும் எண் குறைத்து மாற்றும் வழியில் வேலை செய்யாது என்பதை மறக்க வேண்டாம்; அப்போது ஃபால்ட் நிலைக்குப் போகும் வழியைத்தான் எடுக்க வேண்டும். கீப்அலைவ்டியில் ப்ரீஎம்ப்டை அணைக்கும்போது தொடக்க நிலையைப் பேக்கப் என்று எழுதவும் வேண்டும். மாஸ்டர் என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு அர்த்தமில்லை.

அணைத்தும் திரும்பி வந்து பிடுங்குகிறதா? இதில் ஒருமுறை தலையைப் பிய்த்துக்கொண்டேன். ரவுட்டர் ஏறுகிறது, போர்ட் விளக்கு எரிகிறது. ஆனால் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டில் சுற்றுப்பாதையைத் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ ஓட்டினால், கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி என்று 30 நொடிக்கு எதையும் உள்ளே விடாது. ரவுட்டருக்கு அது தெரியாது. நான்கு நொடி காத்திருக்கிறது, ஒரு குரலும் கேட்கவில்லை, "யாருமே இல்லை போல" என்று மாஸ்டர் ஆகிவிடுகிறது. 30 நொடி முடிந்து கதவு திறக்கும்போது இரண்டு மாஸ்டர்கள். இப்போது எண் அதிகமுள்ளது நிற்கும், மற்றது இறங்கும். இங்கே ப்ரீஎம்ப்ட் பேச்சுக்கே இடமில்லை, அது பேக்கப் நிலையில் இருப்பவருக்கு மட்டும் பொருந்தும் விதி. ரவுட்டர் செருகியிருக்கும் போர்ட்டை இந்தக் காத்திருப்பு இல்லாத எட்ஜ் போர்ட் ஆக்குங்கள், இல்லையென்றால் ரவுட்டர் தொடங்கியதும் நெறிமுறை சில நொடி பேசாமல் இருக்கும்படி தாமதம் வையுங்கள்.

அறிகுறி: அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது

எல்லாக் குழுக்களும் ஒரே நொடியில் மாறுகின்றனவா, ஒரு குழு மட்டுமா என்று முதலில் பாருங்கள். எல்லாம் சேர்ந்து மாறினால் இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவில் உள்ள பொது லிங்க் அல்லது ஒரு ரவுட்டரின் சிபியு. ஒன்று மட்டும் என்றால் அந்த விலானில் ஏதாவது சுற்றுப்பாதை (லூப்) விழுந்திருக்கும்.

மெய்நிகர் கணினி என்றால் நேரத்தைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் அது தரவை நகலெடுக்கும் நேரமாகத்தான் இருக்கும். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது கணினி சில நொடி உறைந்து நிற்கும்; மூன்று குரல் தவறினால் போதும், இடம் போய்விடும். வேகமாக மாற வேண்டும் என்று இடைவெளியை 300 மில்லிநொடி என்று குறைத்து வைத்தவர்களுக்கு இது கூடுதலாக வரும். நொடிக்கு ஒன்று என்ற இயல்பு அளவே பெரும்பாலும் போதும்.

அறிகுறி: பிங் போகிறது, புது இணைப்பும் வருகிறது, ஓடிக்கொண்டிருந்தவை மட்டும் செத்துவிட்டன

ரவுட்டர் ஃபயர்வாலாகவோ நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) செய்வதாகவோ இருந்தால் இது வரும். நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளின் அட்டவணை முதல் ரவுட்டரின் நினைவில் இருந்தது. இரண்டாவதுக்கு அவை யாரென்றே தெரியாது. லினக்ஸில் கான்ட்ராக்டி, ஓபன்பிஎஸ்டியில் பிஎஃப்சிங்க் போன்றவை அந்த அட்டவணையை முன்கூட்டியே கடத்திவைக்கும். கடத்திவைத்தும் சாகிறது என்றால் நாட் எந்த ஐபியால் நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தன் சொந்த வெளி ஐபியால் நாட் செய்தால், மாறியதும் அனுப்புநர் முகவரியே மாறிவிடும். எந்த அட்டவணையும் காப்பாற்றாது. வெளி மெய்நிகர் ஐபியால்தான் நாட் நடக்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: உள் பக்கக் குழு இரண்டாவதுக்கு மாறுகிறது, வெளிப் பக்கக் குழு முதலாவதிடமே இருக்கிறது. போவது ஒரு வழி, வருவது ஒரு வழி. ஃபயர்வால் பாதிப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு மறுக்கும். இரண்டு குழுக்களையும் சிங்க் குரூப் ஒன்றில் சேர்த்துக் கட்டுங்கள்; ஒன்று போனால் இரண்டும் போகட்டும்.

அறிகுறி: மெய்நிகர் ஐபி பிங்குக்குப் பதில் தரவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது

பெரும்பாலும் பிழையே இல்லை. அந்த ஐபி தன் சொந்த முகவரியாக இல்லாத மாஸ்டர், அதற்கு வரும் பாக்கெட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விஆர்ஆர்பியின் இயல்பு விதி. ஏற்கும்படி மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. கண்காணிப்பு மென்பொருளில் இந்த ஐபியைப் போட்டுவிட்டுச் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பதறியவர்கள் பலர்.

அறிகுறி: லாக்கில் முன்பின் தெரியாத ரவுட்டர்

அதே விலானில் வேறொருவர் இன்னொரு ஜோடியை அதே குழு எண்ணோடு வைத்திருக்கிறார். குழு எண் ஒன்றானால் மெய்நிகர் மேக்கும் ஒன்றுதான், ஸ்விட்ச் லாக்கில் அந்த மேக் போர்ட் விட்டுப் போர்ட் தாவுவது தெரியும். 1 முதல் 255 வரை எண் இருந்தும் எல்லோரும் 1 வைப்பார்கள். கீப்அலைவ்டி மாதிரிக் கான்ஃபிக்கை அப்படியே ஒட்டியவர்கள் 51 வைப்பார்கள். கார்ப்பும் அதே 112-ஐயும் அதே மேக் தொடக்கத்தையும்தான் பயன்படுத்துகிறது, எனவே எதிராளி விஆர்ஆர்பியாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

சரிசெய்தபின் சோதிப்பது

சேவையை முறையாக நிறுத்திச் சோதித்தால் விடை அழகாக வரும், நம்ப வேண்டாம். முறையாக இறங்கும் மாஸ்டர் முன்னுரிமை 0 என்று கடைசியாக ஒரு அறிவிப்பு அனுப்பிவிட்டுப் போகும். அதைக் கேட்ட பேக்கப் மூன்று நொடி காத்திருக்காது. 256-இலிருந்து தன் எண்ணைக் கழித்து, 256-ஆல் வகுத்து வரும் நொடிகள் மட்டும் பொறுக்கும். எண் 100 என்றால் 0.61 நொடி. நிஜ விபத்தில் விடைபெறும் கடிதம் வராது, 3.61 நொடி ஆகும். அதனால் மின்சாரத்தைப் பிடுங்கிச் சோதியுங்கள். அப்புறம் லான் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். அப்புறம் மோடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேபிளை, ரவுட்டரின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பிடுங்குங்கள். கடைசியாக, கீப்அலைவ்டி என்றால், அதன் எல்லாப் புராசஸ்களையும் சிக்னல் 9 கொடுத்துக் கொன்று பாருங்கள்: மென்பொருள் போய்விடும், ஆனால் 10.20.0.1 அந்தக் கார்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவது ரவுட்டரும் அதே முகவரியை எடுத்துக்கொண்டிருக்கும். அப்போது நான்கு பிங் ஜன்னல்களும் என்ன சொல்கின்றன என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.